பதினான்கு ஊசி போட்ட தபசுகாலம்

பிள்ளைகளே, இப்போது எல்லோரும் தவக்காலம் என்கிறார்கள். நம் வீட்டில் அதற்குத் தபசுகாலம் என்றுதான் பெயர். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். வெள்ளிக்கிழமை ஒருசந்தி, அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. கறி, மீன் கிடையாது. அதுபோக, அவரவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை விட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் நான் பீடியை விட்டேன். கூடவே டீயையும் விட்டேன். ஒன்று போதும் என்று யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு பஸ்ஸில் போய்வந்த காலம் அது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடித்தவன், தபசுகாலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியதோடு நிறுத்திவிட்டேன். பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தேன்.

மூன்றாம் நாளே தலைவலி. ஒரு வாரத்தில் எதைக் கேட்டாலும் எரிச்சல். நூல் அறுந்தால் மிஷினைத் திட்டினேன். பக்கத்து மிஷினில் நின்றவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், யாரையும் கேலி செய்யாமல் விடமாட்டார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "அண்ணாச்சி, பீடிய விட்டீக, சரி. மூஞ்சியையும் எங்கிட்டோ விட்டுட்டு வந்துட்டீகளே, அது என்னைக்கு வரும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனேன். சாத்தான் சோதிக்கிறான், நான் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் யாரும் கேலி செய்யவில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே ரேடியோ நின்றுவிடும். கைக்குழந்தை சிணுங்கினால் உங்கள் அம்மா தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. என் செருப்புச் சத்தம் கேட்டால் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். வீடு சத்தமில்லாமல் இருந்தது. தபசுகாலத்துக்கு ஏற்ற அமைதி என்று எனக்கு அதில் பெருமை வேறு.

ஒரு நாள் காலையில், பின்பக்கச் சாக்கடை ஓரமாக நின்ற செவலை நாய் ஒன்றுக்கு மூத்தவள் தன் தட்டிலிருந்து ஒரு இட்லியை வைப்பதைப் பார்த்தேன். தட்டைப் பிடுங்கி எறிந்தேன். இன்னொரு தரம் தெருநாய் பக்கம் பார்த்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று கத்தினேன். அவள் அழவில்லை. நான் மில்லுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு வந்தது ஐந்தாவது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைத்துச் சொல்லும் ஜெபம். பதினான்கு ஸ்தலம், ஒவ்வொன்றுக்கும் முழங்காலிட வேண்டும். முதல் இரண்டு ஸ்தலத்திலும் மூத்தவள் பாதி குனிந்துவிட்டு நின்றாள். பிடிவாதம் பிடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது ஸ்தலத்தில் அவள் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். பாவாடை ஒதுங்கியபோது பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே பள்ளிக்கூட ரிப்பனைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ரிப்பன் சதையோடு ஒட்டிப்போயிருந்தது.

வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன். உங்கள் அம்மாவும் பின்னால் ஓடிவந்தாள். என்ன இது என்று நான் கேட்டேன். அம்மா கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"நாய் கடிச்சிருச்சு. அஞ்சு நாளாச்சு."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே, ஏட்டி."

"நீங்க அப்பாட்ட சொல்லிருவீக."

அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் உங்கள் அம்மா விசாரித்ததில்தான் மிச்சமும் தெரிந்தது. உன் பங்கிலிருந்து ஒன்றைப் பசித்தவர்களுக்குக் கொடு என்று கோயில் ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்து பசியோடு நின்றது அந்த நாய்தான். நான் கத்திய பிறகு வீட்டுப் பக்கம் வைக்கப் பயந்து, கண்மாய்க்கரை வரைக்கும் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அங்கேதான் கடி.

கடித்த நாய்க்கு வெறி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைத் தேடினோம். பக்கத்து வீட்டுக்கார அம்மாளைக் கேட்டோம். "அந்தச் செவலையா? எச்சி ஒழுகத் திரிஞ்சுதுன்னு முந்தாநேத்து அடிச்சுப் போட்டாகளே" என்றார் அந்த அம்மாள். உங்கள் அம்மா கைக்குழந்தையை அவரிடமே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் முதலில் நாயைப் பற்றித்தான் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். அஞ்சு நாள் ஏன் வரவில்லை என்றார். பிள்ளைகளே, நாய்ப் பல் லேசாகப் பட்டால்கூட அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அப்பா எந்த விரதம் இருந்தாலும் சரி.

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி. முதல் ஊசி அன்று ராத்திரியே போட்டார்கள். பெஞ்சில் படுத்துக்கொண்டு மூத்தவள் மேலே பார்த்தபடியே, "சிலுவைப்பாதையும் பதினாலு, ஊசியும் பதினாலு" என்றாள். நான் அவள் காலைப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் என் முன்னால் வைத்தாள்.

"இதப் பிடிங்க. பிள்ளை உங்ககிட்ட வாயத் தொறந்து பேசணும். பாவம்னா அது என் தலையில இருக்கட்டும்."

பீடியைத் தொட முடியவில்லை. மறுநாள் காலையில் டீ மட்டும் குடித்தேன்.

தினமும் ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வயிறு அங்கங்கே தடித்துப் போனது. தபசுகாலத்தின் கடைசி இரண்டு வாரத்து வழக்கப்படி, கோயிலில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, ஊதாத் துணியால் மூடினார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்து போனேன். கடைசி ஊசி, ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழனன்று. அதோடு முடிந்தது என்று நினைத்தால், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தாமதமாக வந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும் என்றார். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறாளா, காற்றுப் பட்டால் உடம்பு வெட்டுகிறதா என்று கவனிக்கச் சொன்னார். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிறகு ஊசி கிடையாது என்பதை என்னைப் பார்க்காமலே சொன்னார்.

ஈஸ்டர் வந்தது. எல்லோரும் கறி சாப்பிட்டார்கள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரில் தண்ணீர் மோந்து நானே கொடுப்பேன். முழுங்குகிறாளா என்று பார்ப்பேன். சாயங்காலம் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மலைக்காற்று இறங்கும்போது ஒரு நாள் துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். குளிருகிறதா, வேறு எதுவுமா என்று கேட்காமல் போய் ஜன்னலைச் சாத்தினேன். மில்லில் நூல் அறுவது தெரியாமல் நின்றேன். கேலி செய்கிறவர் ஒன்றும் சொல்லாமல் என் மிஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம், நல்ல வெயில். வெளியே விளையாடிவிட்டு வந்தவளுக்குத் தண்ணீரை நீட்டினேன். அவள் டம்ளரைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"வேண்டாம்."

டம்ளர் சரிந்து தரையில் தண்ணீர் சிந்தியது. அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா வந்து நின்றாள். ஏன் வேண்டாம் என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக, என்னிடமே சொன்னாள்.

"நீங்க முழிச்சு முழிச்சுப் பாக்கீக. எனக்குப் பயமா இருக்கு. அங்கிட்டுத் திரும்புங்க, குடிக்கேன்."

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்க்காமலிருக்க இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு டம்ளரைத் தரையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. எண்ணிக்கொண்டே நின்றேன்.