பாதித் தலையோடு ஒரு சனிக்கிழமை

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட பாலோ டூரோ கேன்யன் என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிடுவது என்று, மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் காலை ஐந்தரைக்கு நாங்கள் குடியிருக்கும் ஆலனிலிருந்து நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். 380 மைல், ஆறு மணி நேர டிரைவ். எங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் ஆனது. காரணம் என் வாய்தான்.

மனுஷன் ஒரு மாதமாக முடி வெட்டாமல் டபாய்த்துக்கொண்டிருந்தார். 287-ம் நம்பர் ஹைவேயில் விச்சிட்டா ஃபால்ஸ் ஊரைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் ஒரு சின்ன ஊர் வந்தது. கடைத்தெரு என்று இருப்பதே ஒரு தெரு. அதில் ஒரு பார்பர் ஷாப். "ஏனுங்க, கூட்டமே இல்லை, இங்கயே முடிச்சிருங்க" என்று இறக்கிவிட்டேன். மணி எட்டே முக்கால். பதினைந்து டாலர்தான், ஆலனில் முப்பது.

பார்பர் பெயர் டேல். அறுபது வயதிருக்கும். இடது பக்கம் முடித்து வலது பக்கம் வந்தபோது அவர் இடுப்பிலிருந்த பேஜர் அலறியது. புல் தீ, இன்ன ரோடு என்றது ஒரு குரல். டேல் மெஷினை அணைத்தார். "அது எங்க வீட்டு ரோடு. என் வீட்டுக்காரி தனியா இருக்கா" என்றார். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

அந்த ஊரில் சம்பளத்துக்குத் தீயணைக்கும் ஆள் யாரும் கிடையாதாம். ஊர்க்காரர்களேதான் போகிறார்கள். எதிரே காபிக்கடைச் சமையல்காரம்மா ஏப்ரனோடு ஓடினார். ஒரு கடையும் பூட்டவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இவர் தலை ஒரு பக்கம் அறுத்த வயல், ஒரு பக்கம் காடு. "தொப்பி போட்டுக்கங்க, போலாம்" என்றேன். இவர் போர்த்திய துணியோடு அசையவில்லை. "கடையைத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்காரு. நாம எப்படிப் போறது?"

தபால் ஆபீஸ் அம்மா எட்டிப் பார்த்தார். தீ என்று ஓடுகிறவர்களின் கடையை மிச்சமிருப்பவர்கள் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கமாம். "இதை நீங்க பாத்துக்கறீங்களா? நான் போய் காபிக்கடை அடுப்பை அணைக்கணும்" என்றார். அமெரிக்கா வந்து பதினோரு வருஷத்தில் என்னை நம்பி யாரும் ஒரு கடையை விட்டதில்லை. கீழே கிடந்த முடியைப் பெருக்கினேன். முடி வெட்ட வந்த இரண்டு பேரிடம் டேல் தீக்குப் போயிருக்கிறார், அவர் வீட்டு ரோடு என்றேன். "அவர் மனைவி?" என்றார்கள் இருவரும். வீட்டில் தனியாக இருக்கிறாராம் என்றேன். எரிச்சல்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

பதினொன்றரைக்கு டேல் வந்தார், உடம்பெல்லாம் புகை வாடை. "அவ நல்லா இருக்கா. வீடும் தப்பிச்சது. வைக்கோல் கொட்டகை போச்சு." கையைக் கழுவிவிட்டு மெஷினை எடுத்தார்.

"ஐயோ, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"வைக்கோல் உள்ளே பிடிச்சா அணைக்க முடியாது, மூணு நாள் எரியும். ஆளுங்க காவலுக்கு நிக்கறாங்க. இன்னிக்கு என்னால முடிக்க முடிஞ்சது இந்தத் தலை மட்டும்தான்."

கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, தூரத்தில் புகையும். அதைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டினார்.

போகிறவர்களுக்கு: கேன்யன் பார்க்கின் நுழைவு பாஸை முன்கூட்டியே புக் பண்ணுங்கள். விச்சிட்டா ஃபால்ஸிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். மார்ச்சில் காற்று பேய்க்காற்று. காய்ந்த புல் மேல் காரை நிறுத்தாதீர்கள், அடிச்சூட்டில் பற்றிக்கொள்ளும். கேன்யன் அழகு, சாயங்கால வெயிலில் செக்கச்செவேலென்று இருந்தது.

இவருக்கு வலது பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கம். திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங் இருக்கிறதே, ஆலனில் யாரிடமாவது சரி பண்ணிக்கொள்ளலாம் என்றேன். "வேண்டாம், தானா வளரட்டும்" என்றார்.