நஸ்ரின் தாங்கிய கை

பிசியோதெரபி படிக்கத் தென்காசியிலிருந்து செங்கல்பட்டு வந்து பல மாதங்களாகியும் எனக்கு ஒரு தோழி கிடைக்கவில்லை. வகுப்பில் மற்றவர்கள் கல்பாக்கம், அச்சரப்பாக்கம் பஸ்களில் கும்பலாகக் கிளம்புவார்கள். நான் தனியாக ஹாஸ்டலுக்கு நடப்பேன்.

ஒருநாள் பிராக்டிகலில் ஜோடி சேரச் சொன்னார்கள். வழக்கம்போல நான் மிஞ்சினேன். அன்று தன் தோழி வராததால் மாமல்லபுரத்து நஸ்ரினும் மிஞ்சினாள். தோளை அசைத்துப் பழக, என்னைப் படுக்கவைத்துக் கையைத் தூக்கினாள்.

"இன்னா இப்டி வெறச்சிகினு கீறே? வெயிட்ட என்கிட்ட குடு. நான் புடிச்சிக்கிறேன்."

தளர்த்தினேன். முழங்கைக்கு அடியில் அவள் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. ஊரைவிட்டு வந்தபின் என்னை யாரும் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கையைக் கீழே விடவும் இல்லை.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்து, "இங்க எனக்கு யாருமே இல்லம்மா" என்றேன். அதுவரை அதைச் சொன்னதில்லை.

மறுநாள் நஸ்ரினின் தோழி வந்துவிட்டாள். நாங்கள் நெருக்கமாகவில்லை.

இப்போது கடைசி வருடம். வார்டில் ஒருவர் கையைத் தூக்கும்போதெல்லாம், இவரைக் கடைசியாக யார், எப்போது தொட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டுக் கையை எடுப்பதில்லை.