எல்லாம் தானே செய்வாள்

வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் எனக்குக் கை கொடுக்கவில்லை. கதவைத் திறந்த என்னைக் கடந்து போய், சக்கர நாற்காலியில் இருந்த என் மகள் நிரோஷாவுக்குத்தான் முதலில் கை கொடுத்தாள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு! வாசலில் நான் ஒருத்தி நிற்பது கண்ணில் படவில்லையா? அன்று தொடங்கிய எரிச்சல் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த நாட்டில் அங்கவீனமான பிள்ளைக்குக் கிடைக்கும் உதவிப் பணம் பதினாறு வயது வரை தாயின் கைக்கு வரும். பிறகு பிள்ளையின் பெயருக்கே மாறிவிடும். தன் காசைப் பார்க்கப் பிள்ளைக்கு முடியாது என்று அரசாங்கக் கந்தோர் நம்பினால்தான் தாய் பொறுப்பாளி. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் நிரோஷாவின் கைகால்கள் சொல்வழி கேட்பதில்லை. மூளை மட்டும் நல்ல கூர்மை. செப்டெம்பரில் காலேஜ் தொடங்கவிருந்தாள். பிள்ளைக்கு என்னென்ன முடியாது என்று புதிதாகப் பார்த்த பிறகுதான் கந்தோர் பணத்தைத் தொடரும். அந்தப் பணம் நின்றால் டாக்சி இல்லை, டாக்சி இல்லையென்றால் காலேஜும் இல்லை. இதையெல்லாம் விசாரிக்கத்தான் அந்தப் பெண் கந்தோரிலிருந்து வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்தேன். பிள்ளைக்குத் தலை வாரி இழுத்து, பெருநாள் சட்டை போட்டு, காப்பும் போட்டுவிட்டேன். பெண் பார்க்க வந்திருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டேன்.

உடுப்பு மாற்ற உதவி வேண்டுமா என்று அவள் நிரோஷாவிடம் கேட்டாள். "நோ, நோ, ஷி டூஸ் எவ்ரிதிங்" என்று நான் முந்திக்கொண்டேன். சாப்பிட? குளிக்க? "எவ்ரிதிங்!"

வாய் பழகிய பழக்கம். யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளில் ஒவ்வொருத்தியும், "பிள்ளைக்கு என்ன?" என்று இழுப்பாள். "ஒண்டுமில்லை, எல்லாம் தானே செய்வாள்" என்பேன். பெற்ற பிள்ளையின் குறையைப் பிறத்தியாருக்கு முன்னால் எந்தத் தாய் சொல்வாள்? இங்கேயோ ஒன்று விடாமல் ஒப்புவிக்க வேண்டுமாம். மாதாவே, இது என்ன நியாயம்!

கடைசியாக, பணத்தை நிரோஷாவே பார்ப்பாளா என்று அந்தப் பெண் கேட்டாள். "நோ! ஷி இஸ் சைல்ட்" என்றேன்.

"அம்மா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றாள் நிரோஷா. பிறகு ஆங்கிலத்தில், தன்னால் பட்டன் பூட்ட முடியாது, குளிக்க வார்ப்பது அம்மா, படுக்கையில் திருப்பிவிடுவதும் அம்மா என்று கூசாமல் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது. "ஆனால் என் காசை நான் பார்ப்பேன்" என்று முடித்தாள்.

அந்தப் பெண் போனதும் கத்தினேன். "பெத்த தாயை நம்ப ஏலாதோ உனக்கு?"

"நம்புறன் அம்மா. ஆனா எனக்கு ஏலாததெல்லாம் ஏலும் எண்டு சொன்னியள். ஏலுமான ஒண்டை ஏலாது எண்டு சொல்லிப்போட்டியள்."

அடுப்படிக்குப் போய், அந்தப் பெண் தொடாமல் விட்ட ரோல்ஸை மூடி வைத்தேன்.

பணம் நிற்கவில்லை, காலேஜும் தொடங்கியது. தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு உதவிப் பணம் எடுக்க அவள் பெயரில் ஒரு புத்தகம் வந்தது. பிள்ளை வளர்க்கத் தாய்மாருக்குக் கொடுக்கும் சைல்ட் பெனிபிட் புத்தகம் மட்டும், அவள் படிக்கும் வரைக்கும் என் பெயரில். இப்போது இரண்டு பேரும் ஒன்றாகத் தபால் கந்தோருக்குப் போகிறோம். ஒரே பிள்ளை, என் புத்தகத்தில் குழந்தை, தன் புத்தகத்தில் பெரிய மனுசி. பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட, கோணல் கையால் ஆறுதலாக, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போடுகிறாள்.

சர்ச்சில் ஞாயிறு பூசையில் காணும் ஒருத்தி போன கிழமை வரிசையில் நின்றாள். "பிள்ளைக்குத் தனியப் புத்தகமோ? எல்லாம் தானே செய்வாளோ?" என்று கேட்டாள். என் வாய் தன்பாட்டில் திறந்தது. நிரோஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எந்த நாட்டுப் பதிலைச் சொல்வது?

"அம்மா, இதைப் பூட்டிவிடுங்கோ" என்று காசு வைத்த தன் கைப்பையை நீட்டினாள். குனிந்து ஸிப்பை இழுத்துப் பூட்டி, பையை அவள் மடியிலேயே வைத்தேன்.