துருப் பிடிக்காத மனிதன்

சம்பந்தி வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, என் சிறுநீரில் நனைத்த பட்டையை அவர்கள் மூக்குக்கு நேராக நீட்டி, "பாருங்க, நெறமே மாறல" என்று பீற்றிக்கொண்டவன் நான். இதைவிடக் கேவலமாக ஒருவன் தன்னை அறிமுகம் செய்துகொள்ள முடியாது. எனவே மேற்கொண்டு தைரியமாக எழுதலாம்.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். அதற்குள் எனக்கும் என் டாக்டரம்மாவுக்கும் பகை நன்றாக முற்றியிருந்தது. வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் சின்னவர். திட்டும்போது மட்டும் பெரியவராகிவிடுவார். விரலில் குத்தி வீட்டிலேயே ரத்தம் பார்க்கும் கருவியை வாங்கச் சொன்னார். ஊசி என்றாலே எனக்கு உதறல். கருவிக்குப் பதிலாகச் சிறுநீர்ப் பட்டை வாங்கினேன். சர்க்கரை இருந்தால் அது நிறம் மாறும். யாரையும் குத்தாது.

அவரைப் பழிவாங்க எனக்குப் படிப்பு உதவியது. சர்க்கரை கூடினால் உடம்புக்குள் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று ஒன்று கிளம்பி, துருவைப் போல நரம்பையும் ரத்தக்குழாயையும் அரிக்கும். வைட்டமின் சி, ஈ போன்ற ஆண்டிஆக்சிடென்டுகள் அந்தத் துருவை எதிர்ப்பவை. இதுவரை புத்தகத்தில் இருந்தது. மீதியை நானே கண்டுபிடித்தேன்: துருவைத் தடுத்துவிட்டால் சர்க்கரை இருந்தால்தான் என்ன?

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடக்கும் ஒரு கடையில், தண்ணீரில் போட்டால் பொங்கும் வைட்டமின் சி மாத்திரைகளை வாங்கினேன். ஒரு நாளைக்கு ஆறு. டாக்டரம்மாவின் மாத்திரைகளை மணிபிளான்ட் தொட்டியில் புதைத்தேன். அந்தச் செடிக்கு இன்றுவரை சர்க்கரை இல்லை. லட்டு தின்றுவிட்டுப் பட்டையை நனைத்தேன். நிறம் மாறவில்லை. ஜாங்கிரிக்கும் மாறவில்லை. சம்பந்தி வீட்டார் வந்தது அந்த வாரம்தான்.

கர்வம் தலைக்கேறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கிரிவலம் கிளம்பினேன். செருப்பில்லாமல்தான் மலையைச் சுற்ற வேண்டும். வீட்டில் சண்டை போட்டு முடித்துப் புறப்பட்டதில், அடி அண்ணாமலை வரும்போதே உச்சி வெயில். தார் கொதித்தது. எல்லோரும் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் ஊர்வலத்து யானை போல நடந்தேன்.

"என்னங்க, கால் சுடலியா?"

"சூடா? எங்க இருக்குது?"

"எனக்கு வெந்து போவுது. உங்களுக்கு மட்டும் எப்படி?"

"உள்ள துரு இல்லடி. தெனம் ஆறு மாத்திரைன்னா சும்மாவா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தாளென்றால், சாட்சியம் சேர்க்கிறாள் என்று அர்த்தம்.

வீட்டில் நான் கால் கழுவும்போது அதைப் பார்த்து அலறியது அவள்தான். வலது கட்டைவிரலுக்கடியில் தோல் வெந்து உரிந்து தொங்கியது. எனக்கு வலியே இல்லை. அதையும் வைட்டமின் கணக்கில்தான் சேர்த்தேன். ஐந்தாம் நாள் விரல் கறுத்து, நாற்றமும் வரவே, என்னை ஆட்டோவில் தள்ளி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள்.

"வலிக்கலியா சார்?"

"துளிகூட இல்லீங்க."

"வலிக்கணும் சார். நரம்பு மரத்துப்போச்சு. அதான் தாரு சுட்டதுகூடத் தெரியல."

கடைசி ஆயுதமாகப் பட்டை டப்பாவை மேஜைமேல் வைத்தேன். "இதுல சர்க்கரையே காட்டலீங்களே?"

வேறென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வைட்டமின் சி அவ்ளோ ஜாஸ்தியா போனா யூரின்ல எறங்கும் சார். அப்போ சர்க்கரை இருந்தாலும் பட்டை நெறம் மாறாது. அதை ஏமாத்திட்டீங்க." ரத்தத்தில் பார்த்தபோது முந்நூறைத் தாண்டியிருந்தது. "அந்தத் துருவுக்குக் காரணமே சர்க்கரைதான். அடுப்ப அணைக்காம பொகைய விசிறிக்கிட்டு இருந்திருக்கீங்க. இந்த வெரல எடுக்கணுமா வேணாமான்னு பதினஞ்சு நாள் கழிச்சுதான் சொல்ல முடியும்."

பதினைந்து நாள் நானும் விரலும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினார்கள். விரலில் ஒரு குத்துக்குப் பயந்தவனுக்குத் தினம் இரண்டு வேளை இன்சுலின். போட்டவள் மனைவி. முப்பது வருட இல்லறத்தில் அவள் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்ததில்லை.

விரல் தப்பியது. நகம் போனது. "இனிமே செருப்பில்லாம ரோட்டுல கால வெக்காதீங்க" என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். ஏதோ போரில் ஜெயித்தவன் மாதிரி நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

எங்கள் போர்வெல் தண்ணீர், குழாய்க்கடியில் தரையெல்லாம் செம்பழுப்பாகத் துருக்கறை படிய வைத்திருந்தது. எந்தச் சோப்புக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் போகாத கறை. மிச்சமிருந்த என் மாத்திரைகளையெல்லாம் கரைத்து அதன்மேல் ஊற்றியிருந்தாள். தரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"எட்டு வருஷத்துத் துருங்க, ஒரே தேய்ப்புல போயிடுச்சு" என்றாள். "நல்ல மாத்திரைதான். உங்களுக்குக் குடுத்துதான் வீணாக்கிட்டோம்."