வற்றிய குளத்துக்கு ஒரு நீலக்கோடு

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குத் தெரிந்த ஒரே மலை கீரிமலை. அங்கே மலையே கிடையாது; கடலும் கேணியும்தான். அப்படிப்பட்டவனுக்கு லண்டனில் ஒரு வரைபட அலுவலகத்தில் கிடைத்த வேலை, எரிமலைகளை வரைவது.

தென்னமெரிக்காவில், ஆண்டிஸ் மலைகளின் மேலே, மழை மறந்துபோன ஒரு மேட்டுப் பாலைவனம். விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து இரட்டைக் கண்ணாடியால் பார்த்தால், அணைந்த எரிமலைகள் மூக்கில் இடிக்கிற மாதிரி எழும்பி வரும். ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக்கொண்டே போவேன். தொண்ணூறுகளின் தொடக்கம், இளம் வயது. சாப்பிட எழும்பவும் மனம் வராது.

ஓர் எரிமலையின் அடியில் வெள்ளையாக ஒரு பள்ளம் கிடந்தது. கரையில் வரிவரியாகத் தண்ணீர் இறங்கிய தடம். யோசிக்கவேயில்லை, நீல மையால் இடைவெளி விட்டுவிட்டு ஒரு கோடு போட்டேன். மழைக்கு நிரம்பும் குளம் என்று அர்த்தம். கோடையில் உள்ளே இறங்கிப் பந்தடித்தாலும் எங்கள் ஊரில் அது குளம்தான்.

மேற்பார்வையாளரான வெள்ளைக்காரர் நம்பவில்லை. "நேரில் பார்த்தால்தான் தெரியும். களக்குழுவோடு நீயே போய்ப் பார்" என்றார்.

வேலை முடிந்ததும், லண்டன் ஓரத்து வால்தம்ஸ்டோவில் இருந்த அறைக்குப் பறந்தேன். என் அறையில் கூட இருந்த அண்ணை, பெட்ரோல் ஷெட் ஷிப்ட் முடிந்து கால் நீட்டியிருந்தார்.

"அண்ணை, நான் எரிமலைக்குப் போறன்!"

"எரியிற ஊரிலயிருந்து ஓடி வந்தது காணாதே உனக்கு?"

"இது அணைஞ்சது அண்ணை."

"அப்ப சோறு காய்ச்சவும் உதவாது."

என்னிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அச்சிட்டிருந்தது. எரிமலை இருந்த நாட்டின் தூதரகத்தில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு விசா கொடுப்பதில்லை என்றார்கள். மறுபடியும் போனேன். அதே பதில்.

"எல்லா நாட்டுக்கும் போகலாமாம், ஒரு நாடும் விடாதாம்" என்றார் அண்ணை. "என்ன வடிவான எழுத்தடா!"

சிரிக்க முடியவில்லை.

எனக்குப் பதிலாக வேறொருவர் போய் வந்தார். என் குளத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கீறியிருந்தார். வெறும் உப்பாம். கரையில் இருந்த வரிகளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எந்த வரிகள்?"

பிளேடால் நீல மையைச் சுரண்டி எடுத்தேன். வரைபடம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அறைக்குக் கொண்டுபோய் அண்ணையின் முன்னால் விரித்தேன்.

"இதில எங்க உன்ர குளம்?"

வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தேன். "வத்தினாலும் குளம் குளம்தானே, அண்ணை?"

"ஓம்" என்றார். "போய்ப் பாக்கத்தான் ஏலாது."