பலகைச் சுவரைத் தாண்டிய வசனம்

ஈப்போ ஆய்வுக்கூடத்தில் இன்று, ரப்பர்பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் போத்தலைத் திறந்ததும், நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயமும், கூரையைத் தொடாத அதன் பலகைச் சுவர்களும், அவற்றுக்கு மேலாக வந்துகொண்டே இருந்த பால்வாடையும், பக்கத்து வீட்டுப் பொன்னியக்கா புருஷனிடம் அடிவாங்கும் சத்தமும், அதற்கும் அப்பால் வீரையா அண்ணன் பெண்குரலில் பேசிப் பழகும் நாடக வசனமும் வரிசையாக வந்தன. திருவிழா நாடகத்தில் அவர்தான் கதாநாயகி. காதலனைப் பறிகொடுத்து, அறையில் பூட்டப்பட்டவள் தனியே பேசும் அந்த வசனம் லயத்துக்கே மனப்பாடம்.

ஒரு மாலை கட்டையால் அடிக்கும் சத்தத்தோடு அது கேட்டது: "வெட்டுங்கள், உங்கள் கை ஓயும்வரை வெட்டுங்கள், என் வாய் ஓயாது."

"வீரையா இன்னிக்கு நெசமாவே அழுவுறான் லா," என்று அம்மா சிரித்தாள்.

அப்போது வீரையா அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "அக்கா, கொஞ்சம் சீனி இருக்கா?"

அம்மாவும் அவரும் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்தார்கள். அண்ணன் விறகுக்கட்டையைப் பிடுங்கி அந்த ஆளின் முழங்கையை முறித்தார். மண்டை பிளந்து கிடந்த பொன்னியக்கா கண்ணை மூடியபடி அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பிழைத்தாள்.

திருவிழாவில் அந்தக் கட்டம் வந்தபோது வீரையா அண்ணன் மேடையில் பேசாமல் நின்றார். ஒருவரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.