மடைக்கன்னியின் இடது கை

தானியேலுக்குப் படம் போட யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் குழாய்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான். தண்ணீர்க் குழாய்க்குப் பச்சை, தீயணைக்கும் குழாய்க்குச் சிவப்பு, வாயுவுக்கு மஞ்சள். டப்பாவில் மிஞ்சியதைக் கொண்டுவந்து எங்கள் காலனிச் சுவர்களில் மயில், மாதா, கபடி டீம் பெயர் என்று எதையாவது வரைந்துகொண்டிருப்பான். எனக்கும் அதே கம்பெனி, அதே ஷிப்ட். அவனைப் பற்றி நல்லதாகவே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் புதுவாயலுக்கு மேற்கே, ஏரியை ஒட்டி இருக்கிறது. ஆடி மாதக் கூத்தில் கடைசி நாள் மடைக்கன்னி கதை ஆடுவார்கள். ஏரிக்கரை நிற்காமல் உடைந்துகொண்டே இருந்ததாம். நடவு நட்டுக்கொண்டிருந்த காலனிப் பெண் கன்னியம்மாவை மடைக்குள் உயிரோடு இறக்கி, மேலே சுவர் எழுப்பினார்களாம். பாட்டில் அவள் சிரித்த முகத்தோடு இரண்டு கையும் கூப்பி, "நானே போறேன்" என்று சொல்லி இறங்குகிறாள். பாட்டைக் கட்டியவன் எவனோ, இறங்கினது அவன் வீட்டுப் பெண் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இன்றைக்கும் மடை திறக்கும் நாளில் ஊர்ப் பெண்கள் வந்து கண்ணாடி வளையல்களைத் தண்ணீரில் போட்டு அவளைக் கும்பிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் அவர்கள் கழனிக்குப் போகிறது. காலனிக்காரர்களுக்குக் கழனி கிடையாது.

முதல் மடைத் தண்ணீர் பாயும் நிலமெல்லாம் துளசிராமனுடையது. அவர்தான் தானியேலைக் கூப்பிட்டு, மடைக்குப் பக்கத்துச் சுவரில் கன்னியம்மாவை வரையச் சொன்னார். "சாமி மாதிரி லட்சணமா இருக்கணும் நைனா" என்றார். சர்ச்சில் முணுமுணுத்தார்கள். "சாமி இல்ல பாஸ்டர், நம்ம காலனிப் பொண்ணு" என்று தானியேல் வாயை அடைத்துவிட்டான்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை வரைந்தான். பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. இடுப்புவரை பச்சைத் தண்ணீர். கறுத்த முகம், நனைந்து ஒட்டிய கூந்தல், அதில் ஒரு நெல் நாற்று. புடவைக்குத் தீக்குழாய்ச் சிவப்பை அடித்திருந்தான். எங்காவது பற்றி எரிந்தால்தான் அந்தக் குழாயைத் திறப்பார்கள் என்பது கம்பெனியில் வேலை பார்க்கிற எங்களுக்குத் தெரியும். முகம் கூத்தில் வருவது போலச் சிரித்தது. ஆனால் கை கூப்பவில்லை. வலது கை தண்ணீருக்குள் இருந்தது. இடது கை மடையின் கல்தூணை விரல் வெளுக்கப் பிடித்திருந்தது.

துளசிராமன் வந்து பார்த்தார். "இன்னா நைனா இது? கையக் கூப்பிக்கினு இல்ல அவ எறங்கறா?"

"பாட்டுல அப்படி வருது. எந்தப் பொண்ணு தானா எறங்கும், சொல்லுங்க?"

"ஆடிக்குள்ள மாத்திடு. இல்லாட்டி சுண்ணாம்பு அடிச்சிடுவேன்."

"அடிச்சிக்கோங்க. என் கையால மாத்த மாட்டேன்."

அந்த மனிதர் முகத்துக்கு நேரே எங்கள் ஆள் ஒருவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. காலனி முழுக்க இதே பேச்சு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சுண்ணாம்பு அடிப்பதற்குள் மகள் பார்த்துவிட வேண்டும் என்பது தானியேலின் ஒரே ஆசை. அவன் மகள் சோனியா பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் படிக்க வேண்டும் என்றிருந்தாள். தானியேல் அவளை ஹாஸ்டலோடு ஒரு செல்போன் கம்பெனியில் சேர்த்துவிட்டான், ரெண்டு வருஷம் ஆகிறது. யார் கேட்டாலும் "அவளேதான் போறேன்னா" என்பான். நாங்களும் நம்பினோம். எங்கள் வீடுகளிலும் அப்படி ஒருத்தி இருந்ததால் நம்புவது சுலபமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோனியா வந்தாள். மூன்று பேரும் ஏரிக்கு நடந்தோம். வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.

"அழகா கீதுப்பா."

தானியேல் சின்னப் பிள்ளை போலச் சிரித்தான். அவள் கிட்டே போய் அந்த இடது கையைத் தொட்டாள். சுண்டு விரல் மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டியதிலிருந்து சோனியாவின் சுண்டு விரலும் மடங்காது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது என் கைதானே?"

"ஆமாம்மா. உன் கைய நெனச்சிதான் போட்டேன்."

"கம்பெனி வேன் வந்த அன்னைக்கு நம்ம ஊட்டு கேட்ட இப்படித்தான் புடிச்சிக்கினு நின்னேன். நீ பைய ஏத்திக்கினு இருந்த. பாக்கலன்னு நெனச்சிக்கினேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டு வருசமா, எங்கப்பா பாத்திருந்தா உட்டிருக்க மாட்டாருன்னு சொல்லிக்கினுதான் அங்க இருந்தேன். பாத்துக்கினேதான் இருந்தியா?"

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஹாஸ்டலுக்கு நேரமாகிறது என்று பஸ் ஏறப் போய்விட்டாள்.

மறுநாள் அவன் ஷிப்டுக்கு வரவில்லை. மனசு கேட்காமல் ஏரிக்குப் போனேன். கல்தூணைப் பிடித்த கையை அழித்துவிட்டு, கூப்பிய கைகளை வரைந்துகொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் குடை பிடித்தபடி துளசிராமன் நின்றிருந்தார்.

"இப்பதான் நைனா கதை சரியா கீது" என்றார்.